வெந்நீர் அலமாரியில் முப்பது பாட்டில்

ராய்ஸ்டன் மக்கேயின் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. அது "ஆமா" என்ற வார்த்தை.

மே மாதத்தில் ஒரு காலை, ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மற்றவர்கள் பேசுவது அவருக்கு ஒன்று விடாமல் புரிந்தது. மனதுக்குள் பதிலும் ஒழுங்காகத்தான் வரும். வாயைத் திறந்தால் மட்டும், என்ன நினைத்திருந்தாலும், "ஆமா" என்றே வந்து விழும். தலையும் நாக்குக்கு ஒத்து ஊதிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழி கிளறியதுபோலக் கோடுகள் வந்தன.

"கூடாது" மிஞ்சியிருந்தால், பூமியின் தென்கோடியில் இருக்கும் மட்டாரா ஊரில் ஒருவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் சொன்னதே அதுதான். காகித ஆலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார். மற்ற நேரமெல்லாம் வீட்டுப் பின்பக்கத்துத் துணி துவைக்கும் அறையில் மால்ட் பாகு டின் வாங்கி, அதில் பியர் போட்டார். ஆலையை விட்ட பிறகு, இரும்புச் சாமான் கடைக்காரர் அவரைக் கூப்பிட்டு, பியர் போடும் பாகு டின்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். சனிக்கிழமைகளில் ஊர் முழுக்க அங்கே யோசனை கேட்க வரும்.

"ராய்ஸ்டன், ஆறு நாளாச்சு. பாட்டில்ல ஊத்திடவா?"

"கூடாது."

"குமிழி வர்றது நின்னுபோச்சே."

"குளிர்ல உனக்குக்கூடத்தான் மூச்சு நின்ன மாதிரி இருக்கு, செத்தா போயிட்ட? மிதவையப் போட்டுப் பாத்தியா?"

"டின்னோட வந்த தாள்ல ஆறு நாள்னு போட்டிருக்கே."

"அதை எழுதினவன் ஆஸ்திரேலியாவுல அரை டிராயரோட உக்காந்து எழுதியிருக்கான். நீ மட்டாராவுல இருக்க. போ, போர்வையப் போத்தி வெந்நீர் அலமாரிக்குள்ள வை."

இதுதான் அவருடைய மொத்த வேதம். எங்கள் ஊர்ப்பக்கம் வீடு ஒவ்வொன்றிலும் வெந்நீர்த் தொட்டி நிற்கிற அலமாரி ஒன்று உண்டு. துண்டும் படுக்கை விரிப்பும் கதகதப்பாகக் காய்வது அங்கேதான். பியர்ப் பீப்பாயை அந்தச் சூட்டில் வைக்க வேண்டும். சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். முடிந்ததா என்று குமிழியைக் கேட்கக் கூடாது. சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று எண்ணில் காட்டும் கண்ணாடி மிதவையைக் கேட்க வேண்டும். நாற்பதில் மிதப்பது எட்டுக்கு இறங்கி, இரண்டு நாள் அதே இடத்தில் நின்றால்தான் பாட்டில். அவசரப்பட்டால், மிஞ்சிய சர்க்கரை பாட்டிலுக்குள் வேலையை ஆரம்பிக்கும், வெளியே போக வழியில்லாத காற்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகும். இறைச்சி ஆலை ஆர்ச்சியின் இடது கண் போனது அப்படித்தான். துண்டால் அந்த முகத்தைப் பொத்திக்கொண்டு காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் ராய்ஸ்டன். அன்றிலிருந்து அவருடைய "கூடாது" இன்னும் கொஞ்சம் கடுமையாயிற்று.

அப்படிப்பட்ட மனிதர் இப்போது யார் எதைக் கேட்டாலும் ஆமா போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் தொடக்கத்தில், எங்கள் பக்கம் குளிர் உச்சத்தில் இருக்கும் சமயம், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். கையில் கோப்பு, முகத்தில் அன்பு. ராய்ஸ்டனின் முட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, செவிடனிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "மிஸ்டர் மக்கே, பக்கத்து டவுன் கோர்ல ஒரு முதியோர் இல்லத்துல உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு. அங்க போய் இருக்க உங்களுக்குச் சம்மதமா?"

மாட்டேன், என்று ராய்ஸ்டன் நினைத்தார். இது என் வீடு. இந்த ஜன்னலுக்கு நான்தான் வர்ணம் அடித்தேன். நோலீனை விட்டுவிட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்.

"ஆமா," என்றார்.

நோலீன் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்பத்தொரு வருஷமாக அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பாத்திரம் தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்தவள். பெர்த்தில் இருக்கும் மகள் லினெட்டிடம் அன்று சாயங்காலம் போனில் சொன்னாள்: "அப்பாவே சரின்னுட்டார். நானாச் சொல்லல, அவரேதான் சொன்னார். உனக்குத்தான் தெரியுமே, அவருக்குப் பிடிக்கலேன்னா சும்மா இருப்பாரா?"

ராய்ஸ்டன் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் மேஜையைத் தட்டினார். "பசிக்குதா?" என்றாள் நோலீன். "ஆமா," என்றார். சீஸ் ரோலைச் சுட்டு, வெண்ணெய் தடவி, பொடிப்பொடியாக வெட்டிக் கொண்டுவந்து ஊட்டினாள். பசியே இல்லாமல் முழுவதையும் தின்றார். வேறென்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை, பதினெட்டாம் தேதி என்று நாள் குறித்தாயிற்று. அதற்குள் ஒரே ஒருவருக்காவது, தன்னுடைய ஆமாவுக்குள் ஆமா இல்லை என்று புரிய வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்வதற்கும் அந்த ஒரு வார்த்தைதானே இருந்தது.

இந்த இடத்தில் டுகால் வருகிறான். நோலீனின் தம்பி. இறைச்சி ஆலையில் வேலை. முப்பது வருஷமாக ராய்ஸ்டன் போட்ட பியரைக் குடித்தவன், ஒரு நாளும் ஒரு பாட்டிலைக் கழுவிக் கொடுக்காதவன். நல்லவன்தான். நல்லவர்கள் கையில் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது கஷ்டம்.

ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, துணி துவைக்கும் அறையிலிருந்து ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மச்சான்! உன் அலமாரியில கடைசி டின் ஒண்ணு கெடக்கு. நீ போறதுக்கு முந்தின நாள், திங்கக்கிழமை, பசங்களையெல்லாம் வரச் சொல்றேன். உன் வீட்டு பியரக் குடிச்சிட்டுத்தான் உன்னை அனுப்பி வைக்கணும். நானே போடுறேன். நீ பக்கத்துல உக்காந்து மேஸ்திரி வேலை பாரு. சரியா?"

"ஆமா."

"பாத்தியாக்கா, மூஞ்சி எப்படி மலர்ந்துபோச்சு!"

மலரவெல்லாம் இல்லை. பத்து நாளில் பியரா என்று ராய்ஸ்டன் மனதுக்குள் திட்டினார்.

அவரைத் தள்ளுநாற்காலியோடு அந்த அறை வாசலில் நிறுத்தினார்கள். டுகால் டின்னை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, பீப்பாயில் கவிழ்த்தான். கொதிநீர் ஊற்றினான், ஒரு கிலோ சர்க்கரை கொட்டினான், கலக்கினான். அதுவரை பிழையில்லை. பிறகு குழாயைத் திறந்து இருபத்துமூன்று லிட்டர் வரைக்கும் ஐஸ்போன்ற தண்ணீரை நிரப்பி, அதன் தலையில் ஈஸ்டைத் தூவி, மூடியைப் போட்டு, பீப்பாயை அந்தச் சிமென்ட் தரையிலேயே விட்டுவிட்டான். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே உறைபனி வெள்ளையாக நின்றது.

"இது என்னக்கா, காய்ச்சல் பாக்குறதா?" என்று மிதவையைத் தூக்கிக் காட்டினான்.

"இருக்கும். பத்திரமா வை, உடைச்சுடாத."

ஜன்னலோரம் வைத்தான். ராய்ஸ்டன் இடது கையை நீட்டி அதைக் காட்டினார்.

"குளிருதா? ஜன்னலச் சாத்தணுமா?" என்றாள் நோலீன்.

"ஆமா."

சாத்தினாள். அவர் காலின் மேல் கம்பளியை இழுத்துவிட்டு, நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்தாள். அந்த அன்பைப் பார்த்து அவருக்கு அழுகைதான் வந்தது. அழுகை மட்டும் தங்குதடையின்றி வந்தது. அந்த நோய்க்கு அது சகஜம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மூடிமேல் செருகிய குழாயில் குமிழி வந்தது. திங்கள் மதியத்தோடு நின்றது. ஈஸ்ட் குளிர் தாங்காமல் தூங்கிப் போய்விட்டது. ராய்ஸ்டனுக்குப் போய்ப் பார்க்காமலே தெரியும்: மிதவையைப் போட்டிருந்தால் இருபத்தைந்துக்குக் கீழே இறங்கியிருக்காது. பாதிச் சர்க்கரை அப்படியே கிடக்கிறது. பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, ஆலை விட்டு நேரே வந்தான் டுகால். கையில் அந்தத் தாள்.

"மச்சான், ஆறு நாளாச்சு. குமிழியும் நின்னு மூணு நாளாச்சு. பாட்டில்ல ஊத்தலாமா?"

ராய்ஸ்டன் வாயை இறுக மூடிக்கொண்டார். இந்தத் தடவை சொல்லவே கூடாது. கூடாது, கூடாது, கூடாது. மூக்கால் மூச்சுவிட்டார்.

"என்ன மச்சான், பரிட்சை வைக்கிறியா? உன்னைக் கேக்காம நான் செய்ய மாட்டேன். ஊத்தலாமா, சொல்லு."

கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஆமா."

"அவ்வளவுதான்! பெரியவர் வாக்கு. யாராவது நாளைக்குக் குறை சொன்னா உன்னைத்தான் கைகாட்டுவேன், தெரியுதா? பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரைன்னு போட்டிருக்கு. சீக்கிரம் பொங்கணுமே, ரெண்டாப் போட்டுடவா?"

"ஆமா."

முப்பது பாட்டில் நிறைந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. தகர மூடிகளை மூடிபோடும் கருவியால் அழுத்தி முடித்தபோது டுகாலுக்கு வியர்த்துவிட்டது. தாளைப் பார்த்து, "ரெண்டு வாரம் வைக்கச் சொல்லுது," என்று யோசித்தான். முகம் பிரகாசமாயிற்று. "அக்கா, வெந்நீர் அலமாரியில வச்சா? சூட்டுக்கு நாலே நாள்ல ஆயிடும். மச்சான் எப்பவும் அதுலதானே வைப்பார்?"

பீப்பாயை வைப்பேன்டா, பாட்டிலை இல்லை. பாட்டிலைப் பின்னறையில் பெஞ்சுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைப்பேன். முப்பது வருஷமாக நீ அங்கிருந்துதானே எடுத்துக் குடித்தாய்!

"ஆமா. ஆமா. ஆமா," என்றார் ராய்ஸ்டன்.

"ஒரு தடவை சொன்னாப் போதும் மச்சான்."

நடையின் பாதியில் இருந்தது அந்த அலமாரி. தொட்டியைச் சுற்றித் தரையிலும், முதல் தட்டிலும் பாட்டில்களை நெருக்கி நிறுத்தினார்கள். அதற்கு மேல் தட்டில் துண்டுகள். தினமும் காலையில் ராய்ஸ்டனைக் குளிப்பாட்ட நோலீன் அந்தக் கதவைத் திறந்துதான் துண்டு எடுப்பாள். இடுப்பு வலியால் குனிந்து, முதல் தட்டின் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு எடுப்பாள். முகம் பாட்டில்களுக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும்.

வெள்ளிக்கிழமை ராய்ஸ்டனுக்கு ஒரு கெட்ட நினைப்பு வந்தது. வெடிக்கட்டும். வெடித்தால், ராய்ஸ்டன் இப்படி ஒரு முட்டாள்தனத்துக்கு ஆமா சொல்லியிருப்பானா என்று யாராவது யோசிப்பார்கள். யோசித்தால் செவ்வாய்க்கிழமை தப்பும். அந்த நினைப்பை அன்று முழுக்க மிட்டாய் மாதிரி வாயில் வைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை நோலீன் கதவைத் திறந்தபோது நடையில் இருந்து பார்த்தார். தகர மூடிகள் தட்டையாக இல்லை. உப்பியிருந்தன. முதல் வரிசை முழுவதும் தொப்பை போட்டிருந்தது. நோலீன் குனிந்து துண்டை இழுத்தாள். ஆர்ச்சியின் முகம் ஞாபகம் வந்தது. மிட்டாய் கசந்துபோயிற்று.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமை அவர் நினைவிலேயே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். டுகால் ரக்பி பார்க்கக் கோருக்குப் போயிருந்தான். நோலீன் அடுப்படியில் ஆட்டுக்கறியை வேகப் போட்டுவிட்டு, "நாளைக்கு எல்லாரும் வர்றாங்க. உன் தலையக் கழுவிவிடுறேன், காக்கா கூடு மாதிரி இருக்கு," என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, "இரு, துண்டு எடுத்துட்டு வர்றேன்."

போன் அடித்தது. லினெட். "ஒரு நிமிஷம் இரு," என்று நோலீன் போனிடம் போனாள்.

ராய்ஸ்டன் இடது காலைத் தரையில் ஊன்றித் தள்ளினார். இடது கையால் சக்கரத்தை இழுத்தார். நாற்காலி வளைந்து வளைந்து சுவரில் இடித்துக்கொண்டு நடையில் போயிற்று. அலமாரிக் கதவுக்கு நேரே வந்ததும், அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. குறுக்கே நாற்காலியை நிறுத்தினால் அவள் தள்ளிவிட்டுத் திறப்பாள். ஆனால் எழுபத்தொன்பது கிலோ ஆளை அவளால் தள்ள முடியாது. ஆகவே நாற்காலியிலிருந்து தன்னைத் தானே கவிழ்த்துக்கொண்டார். கதவில் தோள் இடிக்க, அதன் அடியில் மூட்டைபோல் விழுந்தார்.

"கடவுளே! ராய்ஸ்டன்!" போனை அப்படியே தொங்கவிட்டு ஓடிவந்தாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். முடியவில்லை. மறுபடி தூக்கினாள். "எங்க வலிக்குது? தலையில அடியா?"

"ஆமா."

"அசையாத. தலைக்கு எதையாவது வைக்கிறேன்." கைப்பிடியைப் பிடித்தாள். "கொஞ்சம் நகரு, துண்டு எடுக்கணும். நகர முடியுமா?"

"ஆமா! ஆமா!"

கதவு அவர் முதுகை முட்டியது. அவள் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். ஒரு விரற்கடை திறந்தது. உள்ளிருந்து சூடும், புளித்த மாவின் வாசனையும் வந்தன. ராய்ஸ்டன் அவள் மணிக்கட்டைப் பற்றினார். "இருக்கேன், இங்கதான் இருக்கேன்," என்று அவள் தட்டிக்கொடுத்தாள். இன்னொரு கையால் கதவை இழுத்தாள்.

ராய்ஸ்டன் அந்த மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்க் கடித்தார். ரத்தம் வரும்வரை கடித்தார்.

நோலீன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் அவள்மேல் ஒரு அடி விழுந்ததில்லை. "என்னைக் கடிச்சியா?" என்றாள். "என்னையா?"

அவர் பதில் சொல்வதற்குள் முதல் பாட்டில் வெடித்தது. அதன் கண்ணாடி பட்டுப் பக்கத்துப் பாட்டில், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வீடே அதிர்ந்தது. ஒட்டுப்பலகைக் கதவில் நோலீனின் முகம் இருந்த உயரத்தில் ஒரு பிளவு விழுந்து, விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. உள்ளே தட்டு சரிந்தது. பிறகு ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. கதவுக்கு அடியிலிருந்து நுரையும் பியருமாகப் பெருகி, ராய்ஸ்டனின் சட்டையை நனைத்து, நடையில் ஓடியது.

எல்லாம் அடங்கியபின் நோலீன் கதவையும் பார்த்தாள், தன் மணிக்கட்டையும் பார்த்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்தது," என்றாள்.

"ஆமா."

"ஊத்தலாமான்னு டுகால் கேட்டப்பவே? வேணாம்னுதான் நினைச்சியா?"

"ஆமா."

அவள் தவழ்ந்து அவர் பக்கத்தில் வந்தாள். அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "என் பேரு எலிசபெத் ராணிதானே?"

"ஆமா," என்றார் ராய்ஸ்டன். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

நோலீன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "ஐயோ. ஒன்றரை மாசமா உன்கிட்டக் கேட்டுக் கேட்டு, எனக்கு வேணும்கிற பதிலை எல்லாம் வாங்கிக்கிட்டேனா? அப்போ அந்த இல்லம்? அந்தப் பொண்ணு கேட்டப்போ…"

முடிக்கவில்லை. அவர் முகத்தில் பதில் எழுதியிருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்தது. வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கேட்டுவிட்டாள். அவர் வாய் சொல்லாததை ஒருவழியாக ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"எங்கயும் போக வேணாம்," என்றாள் நோலீன். "நாளைக்கே போன் போட்டுச் சொல்றேன். வா, முதல்ல எந்திரி." பின்பக்கமிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கினாள். பியரில் கால் வழுக்கி உட்கார்ந்தாள். எழுந்து, பழைய விரிப்பைக் கொண்டுவந்து தரையில் போட்டு, அதன்மேல் நின்று தூக்கினாள். அவர் இடது காலை ஊன்றி உதவிப் பார்த்தார். ஒரு சாண் எழும்பினார்கள். அவள் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டு, வாய்விட்டுக் கத்தி, இருவரும் சேர்ந்து கீழே வந்தார்கள். மூன்றாம் தடவை முயன்றபோது அவரை எழுப்ப வேண்டியவள் தானே எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தாள்.

போனுக்குப் போய், லினெட்டிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டு, டுகால் வீட்டுக்கு அடித்தாள். அவன் வர இன்னும் இரண்டு மணி நேரமாகும் என்றாள் அவன் மனைவி. பக்கத்து வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நோலீன் ஒரு கம்பளியோடு திரும்பி வந்து, ஈரத்திலேயே உட்கார்ந்து, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அடுப்படியில் கறி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அவள் எழுந்து போகவில்லை. போக முடியவில்லை என்று ராய்ஸ்டனுக்குப் பட்டது. அவள் முட்டி இரண்டும் அவர் தலைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தன.

ஒன்றரை மாதமாக, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, இந்த முட்டிகள்தான் அவரைத் தூக்கின. அதை அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. வெளியே கேட்காத வார்த்தையை நினைத்தே பொழுது போய்விட்டது.

"தூக்க முடியல ராய்ஸ்டன்," என்றாள் அவள். அவரைப் பார்க்காமல், ஓட்டை விழுந்த கதவைப் பார்த்துச் சொன்னாள். "இப்போ தெரிஞ்சுபோச்சு, உனக்குப் போக இஷ்டமில்ல. தெரிஞ்சும் அனுப்பப் போறேன். தெரியாமயே இருந்திருக்கலாம். என்னால உன்னைத் தூக்க முடியல."

போகிறேன், என்று ராய்ஸ்டன் நினைத்தார். நீ அழாதே. நானே போகிறேன். வாழ்க்கையில் வேறெதையும் இவ்வளவு நிச்சயமாக அவர் சொல்ல நினைத்ததில்லை. இடது கையால் அவள் கையைப் பிடித்தார்.

"ஆமா," என்றார்.

நோலீன் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "வேணாம், அதைச் சொல்லாத. இனிமே அந்த வார்த்தைய நான் எப்படி நம்புவேன்?"

"ஆமா," என்றார் மறுபடி. "ஆமா, ஆமா." அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதாள்.